கண் சொட்டு மருந்தும் நம் குழுக் கணக்கும்

இந்த மலருக்கு ஆளுக்கொரு தலைப்பில் எழுதித் தாங்க என்று தலைவி அக்கா சொன்னபோது, வங்கிக் கடன் வரலாறு, கறவை மாட்டுக் கடன் வரலாறு, குடிதண்ணிக்காக நாம் பி.டி.ஓ. ஆபீசில் போய் உட்கார்ந்த வரலாறு என்று நல்ல தலைப்பையெல்லாம் மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு மிஞ்சியது பழைய பதிவேடுகள்தான். பதினெட்டு வருஷம் கணக்கு எழுதினவள் என்பதால் அந்த நோட்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு வாரம் புரட்டினேன். ஒரு வரி திரும்பத் திரும்ப வருகிறது. "உள்கடன் – கண் மருந்து." என் கையெழுத்துத்தான். எழுதின அன்றைக்கு ஒன்றும் தோன்றவில்லை. இப்போது எல்லாவற்றையும் சேர்த்துப் படிக்கும்போது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

மூத்த உறுப்பினர்களுக்கு நம் குழுக்கள் எப்படி வந்தன என்று தெரியும். புதுசாகச் சேர்ந்த பிள்ளைகளுக்காக ரெண்டு வரி. 1989-ல் தருமபுரி மாவட்டத்தில், சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் முதல் குழுக்களைத் தொடங்கியது. 1992-ல் நபார்டு குழுக்களை வங்கியோடு இணைத்தது. 1997-98-ல் மகளிர் திட்டம் வந்தது. அந்த வேகத்தில் எழும்பினவர்கள்தான் நாம். பாயை விரித்து வட்டமாக உட்கார்ந்து, சேமிப்பை நடுவில் வைத்து எண்ணி, தேவைப்பட்டவருக்கு ரெண்டு வட்டிக்கு உள்கடன் கொடுத்தோம். வெளியில் பத்து வட்டி வாங்கிக்கொண்டிருந்த காலத்தில் ரெண்டு வட்டி என்பது நமக்குப் பெரிய விடுதலை.

அந்த முதல் வருஷக் கணக்குகளில் மருத்துவச் செலவு என்று நிறைய இருக்கிறது. பிரசவம், நாய்க்கடி, மாமனாருக்கு மூச்சிரைப்பு, இப்படி. ஆனால் "கண் ஆபரேஷன்" என்று ஒரு கடன்கூட இல்லை. நம் ஊரில் புரை விழுந்த ஆட்கள் இல்லாமலா? தெருவுக்கு நாலு பேர் இருந்தார்கள். கண்புரைக்கு மட்டும் ஏழை காசு கொடுக்க வேண்டியதில்லை என்ற நிலைமை அதற்குள் நம் பக்கம் வந்துவிட்டது. அது சும்மா வந்ததில்லை.

கண்ணுக்கென்று தனி ஆஸ்பத்திரி சென்னையில் 1819-லேயே தொடங்கிவிட்டது. இன்றைக்கு எழும்பூர் அரசு கண் மருத்துவமனை என்கிறோமே, அதுதான். உலகத்திலேயே ரொம்பப் பழைய கண் ஆஸ்பத்திரிகளில் ஒன்று. ஆனால் கிராமத்துக்காரருக்கு அது எட்டாத தூரம். 1976-ல் இரண்டு காரியம் நடந்தது. மத்திய அரசு பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. அதே வருஷம் மதுரையில், அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி, பதினோரு படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்தார். முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன கையோடு அறுவை செய்தவர் அவர். காசு உள்ளவர் கட்டணும், இல்லாதவருக்கு இலவசம், ஊர் ஊராக முகாம் போட்டு ஆட்களைக் கூட்டி வரணும் என்பது அங்கே வழக்கமானது. 1992-ல் அவர்களுடைய ஆரோலேப் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை மதுரையிலேயே செய்யத் தொடங்கியது. வெளிநாட்டு லென்ஸ் விலையில் அது சிறு பங்குதான். 1994-லிருந்து 2002 வரை உலக வங்கிக் கடனுதவியோடு ஏழு மாநிலங்களில் கண்புரை ஒழிப்புத் திட்டம் நடந்தபோது தமிழ்நாடும் அதில் இருந்தது.

ஆட்டோவில் மைக் கட்டி "இலவசக் கண் சிகிச்சை முகாம்" என்று கத்திக்கொண்டு போனது உங்களுக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். வேனில் ஏற்றிப் போவார்கள். மூணாம் நாள் பச்சைத் துணியும் கறுப்புக் கண்ணாடியுமாகத் திரும்பி வருவார்கள். என் மாமியார் திரும்பி வந்து முதலில் சொன்னது, "அடியே, வீடு இம்புட்டு அழுக்காவா கெடந்துச்சு?" என்பதுதான்.

இதனால் நம் மனசில் ஒன்று பதிந்துவிட்டது. கண் நோய் என்றால் முகாம், முகாம் என்றால் இலவசம், ஒரு தடவையோடு முடிந்தது. சொட்டு மருந்து என்றால் நமக்குப் போலியோ சொட்டு மருந்துதான். மாசாமாசம் காசு கொடுத்து வாங்கி, சாகும்வரை விட வேண்டிய கண் சொட்டு மருந்து ஒன்று இருக்கிறது என்பதற்கு நம் கணக்கிலும் இடமில்லை, மனசிலும் இடமில்லை.

அந்த நோய்க்கு டாக்டர்கள் கிளாக்கோமா என்பார்கள். கண் நீர் அழுத்த நோய் என்று தமிழில் எழுதுகிறார்கள். நாம் "கண்ணுல பிரஷர்" என்கிறோம். கண்ணுக்குள் ஊறும் நீர் சரியாக வடியாமல் அழுத்தம் கூடி, பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கும். வலி பெரும்பாலும் இருக்காது. நேராகப் பார்த்தால் நன்றாகத் தெரியும். ஓரப்பார்வைதான் முதலில் போகும். புரையை எடுத்தால் பார்வை வரும், இதில் போன பார்வை வராது. இருக்கிறதைக் காப்பாற்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான். தென்தமிழ்நாட்டுக் கிராமங்களில் அரவிந்த் மருத்துவமனை நடத்தின கணக்கெடுப்பில், நாற்பது வயதைத் தாண்டினவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இது இருந்தது. சங்கர நேத்ராலயா டாக்டர்கள் சென்னையிலும் சுற்றுக் கிராமங்களிலும் பார்த்தபோது, நோய் இருந்த கிராமத்து ஆட்களில் ஏறக்குறைய எல்லாருக்குமே அதுவரை அது தெரியாமல் இருந்தது.

ஒரு விஷயம் எனக்கு ஆச்சரியம். இந்த நோய்க்கு உலகம் முழுக்கப் பேர் வாங்கின ஒரு அறுவை சிகிச்சை நம் எழும்பூர் ஆஸ்பத்திரியில் பிறந்தது. அங்கே தலைமை டாக்டராக இருந்த ராபர்ட் ஹென்றி எலியட், 1909-ல், கருவிழி ஓரத்தில் சின்னத் துளை போட்டு நீரை வடிய விடும் முறையைச் செய்தார். சொட்டு மருந்துகள் வெளிநாட்டில் வந்தவை. 1870-களில் பைலோகார்பின், 1978-ல் அமெரிக்காவில் டிமோலால், 1996-ல் லட்டானோபிராஸ்ட். டிமோலால் பெரும்பாலும் காலையும் ராத்திரியும் விடுவது. லட்டானோபிராஸ்ட் ராத்திரி ஒரு தடவை போதும், விலை கூட. நம் நாட்டில் 1970-ல் போட்ட காப்புரிமைச் சட்டப்படி 2005 வரை மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை கிடையாது. ஒரே மருந்தைப் பல கம்பெனிகள் செய்யலாம் என்று இருந்ததால், வெளிநாட்டு விலையில் நாம் வாங்க வேண்டி வரவில்லை. இருந்தாலும் நூறு நாள் வேலை நம் பக்கம் வந்த புதிதில் ஒரு நாள் கூலி 80 ரூபாய். முதியோர் உதவித்தொகை 2011-ல்தான் 1000 ரூபாயானது. அந்தப் பணத்தில் அரிசி, பருப்பு, பேரப்பிள்ளைக்கு மிட்டாய் போக, மாசாமாசம் ஒரு சின்ன பாட்டிலுக்கு இருநூறு முந்நூறு என்றால் யார் எடுத்து வைப்பார்கள்? அதுவும் விட்டாலும் விடாவிட்டாலும் ஒரு வித்தியாசமும் தெரியாத மருந்துக்கு.

இப்போது பூக்கட்டும் அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் போடாதே என்றார், போடவில்லை. நம் முதல் குழுக்களில் ஒன்றின் ஊக்குநராக இருந்தவர். முகாமுக்குப் புரை என்று நினைத்துப் போனார். புரை இல்லை, பிரஷர் இருக்கிறது, ரெண்டு கண்ணுக்கும் காலையும் ராத்திரியும் மருந்து விடணும் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். முதல் பாட்டில் தீர்ந்ததும் வைத்தியம் முடிந்தது என்றே நினைத்தார். அடுத்த முறை டாக்டர் கோபப்பட்ட பிறகுதான் உயிருள்ளவரைக்கும் என்று புரிந்தது. அப்போதுதான் என் நோட்டில் முதல் வரி விழுந்தது. மூணு மாச மருந்துக்கு உள்கடன், ரெண்டு வட்டி.

பாருங்கள், மாட்டுக் கடன் என்றால் மாடு பால் கறக்கும், தவணை கட்டலாம். மருந்துக் கடன் எதைக் கறக்கும்? பழைய கடன் அடையும் முன்னால் அடுத்த பாட்டில் தீர்ந்துவிடும். அவருக்கு வங்கிக் கடனில் வந்த பங்கும் நிலுவையில் இருந்தது. அந்தக் காலத்தில் நமக்கு நூறு சதவீதம் திருப்பிச் செலுத்துகிற குழு என்ற பெயர்தான் உசிரு. தர மதிப்பீட்டில் ஒரு மார்க் குறைந்தால் அடுத்த கடன் தள்ளிப் போகும். ஒரே ஒரு மாசம் அக்கா தவணை தவறினார். தவறியவர் பட்டியலில் அவர் பெயரை நான் எழுதினேன். கூட்டத்தில் சத்தமாக வாசித்ததும் நான்தான். அதற்குப் பிறகு ஒரு மாசம்கூட அவர் தவறவில்லை. நோட்டில் எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கிறது. "கண் மருந்து" என்ற வரி மட்டும் அதோடு காணோம்.

ரெண்டு வேளை மருந்தை ராத்திரி மட்டும் விட்டிருக்கிறார். பிறகு ஒரு கண்ணுக்கு மட்டும். பிறகு கண் உறுத்துகிற அன்றைக்கு மட்டும். நாங்கள் கவனித்தது ரொம்ப நாள் கழித்து. நிலைவாசலில் தோளை இடித்துக்கொள்வார், பக்கத்தில் வைத்த சில்லறை தெரியாமல் தேடுவார். வயசாகுது என்று சிரித்தோம். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனபோது இடது கண் முழுக்கப் போயிருந்தது. வலது கண்ணில் நடுப்பார்வை மட்டும் மிச்சம்.

அடுத்த ஊராட்சி அளவிலான கூட்டமைப்புக் கூட்டத்தில் ஒருத்தி அழுதுகொண்டே, "ஏக்கா, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்க என்ன வேணாம்னா சொல்லப்போறோம்?" என்று கேட்டாள். அக்கா கோபமே இல்லாமல் பதில் சொன்னார். "மருந்து வீடு தேடி வந்து கேக்காதும்மா. தவணைக்கு நீங்க வந்துருவீங்கள்ல." கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. எனக்கு நோட்டை மூடி வைத்துவிடலாம் போல இருந்தது.

மருந்துக்குக் கடன் கொடுப்பதா, உதவியாகக் கொடுப்பதா என்று அன்றைக்கு ஆரம்பித்த பேச்சு மூணு கூட்டம் நடந்தது. எல்லாரும் ஒரே மனசாகக் கைதூக்கினோம் என்று எழுதினால் அது பொய். "இன்னிக்குக் கண்ணுக்குக் குடுத்தா நாளைக்கு மூட்டுவலிக்குக் கேப்பாங்க, சங்கப் பணம் என்ன பொதுக் கெணறா?" என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அது தப்பான கேள்வி என்று நான் இன்றைக்கும் சொல்ல மாட்டேன். நம் பணம் ஒவ்வொரு ரூபாயும் ஒருத்தி வயிற்றைக் கட்டி வைத்தது. வேறு சிலர், காப்பீட்டு அட்டை இருக்கே என்றார்கள். 2009-ல் வந்த கலைஞர் காப்பீட்டுத் திட்டமும் 2012-லிருந்து நடக்கிற முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கின்றன. ஆனால் அவை முக்கியமாக ஆஸ்பத்திரியில் சேர்ந்து செய்யும் சிகிச்சைக்கும் அறுவைக்குமானவை. மருந்துக்கடை மேஜையில் அட்டையை வைத்தால் சொட்டு மருந்து வராது. அரசு ஆஸ்பத்திரிகளுக்கு 1994-ல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்து வாங்கித் தருகிறது. கேட்டால் இலவசமாகவே கிடைக்கும். ஆனால் கண் டாக்டர் இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போகணும். நமக்கு அது ரெண்டு பஸ், ஒரு நாள் கூலி நட்டம்.

கடைசியில் வழிகாட்டினது நலிவு நிலை குறைப்பு நிதிதான். 2005-ல் தொடங்கின புது வாழ்வுத் திட்டத்தில், மிகவும் நலிந்தவர்களை முதலில் கவனிக்கணும் என்ற பேச்சு வந்தது. 2012-க்குப் பிறகு மாநில ஊரக வாழ்வாதார இயக்கம் வந்தபோது, திடீர்க் கஷ்டத்தில் விழுகிற குடும்பத்துக்கென்று தனி நிதி கூட்டமைப்பு கையில் இருந்தது. கண் மருந்து திடீர்க் கஷ்டமா என்று ஒரு வாதம் ஓடியது. "கண்ணு போறது மெதுவாத்தான் போகும், போன அன்னிக்குத் திடீர்னுதான் தெரியும்" என்று வடக்குத் தெரு சித்தி சொன்னதோடு அந்த வாதம் முடிந்தது. முதியோர் உதவித்தொகையை மட்டும் நம்பி இருப்பவர்களுக்கு மருந்து முழுக்க உதவி. மற்றவர்களுக்குப் பாதி உதவி, பாதி வட்டியில்லாக் கடன். மருந்துக் கடனில் தவணை தவறினால் பட்டியலில் பெயர் எழுதக் கூடாது. கடைசி வரியைத் தீர்மானப் புத்தகத்தில் நானே கேட்டு எழுதினேன்.

முதலில் தடுமாறினோம். காலி பாட்டிலைக் காட்டினால்தான் அடுத்தது என்று விதி வைத்தோம். நம்ப மாட்டீங்களா என்று சிலருக்கு ரோசம் வந்தது. ஒரு வருஷத்தில் விதியை எடுத்துவிட்டோம், ஒன்றும் குடிமுழுகவில்லை. மொத்தமாக வாங்கினால் மலிவு என்று ஒரு கடையில் பேசி நிறைய வாங்கினோம். காலாவதித் தேதியைப் பார்க்காமல் வாங்கியது நம் தப்பு. ஒரு பெட்டி அப்படியே வீணாகிப் போனது. அந்த நட்டம் இன்னும் கணக்கில் இருக்கிறது. லட்டானோபிராஸ்ட் திறக்காத பாட்டில் குளிரில் இருக்கணும், திறந்தபின் வெளியில் வைக்கலாம், ஆறு வாரத்துக்குள் முடிக்கணும் என்பதும் பிறகுதான் தெரிந்தது. தையல்காரத் தங்கச்சி வீட்டு ஃப்ரிட்ஜில் கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் ஒரு டப்பா வைத்தோம். ஒவ்வொரு பாட்டிலிலும் பெயர் ஒட்டியிருக்கும். அவள் மாமியார் ஒருநாள் "என்னடி, ஊர்க் கண்ணெல்லாம் நம்ம வீட்லதான் இருக்கு" என்றாராம்.

எங்களுக்கு ரொம்ப உதவினது ஒரு நர்ஸ் தங்கச்சி சொல்லிக் கொடுத்த முறை. நம் ஆட்கள் பாதி மருந்தைக் கன்னத்தில்தான் விட்டுக்கொண்டிருந்தார்கள். படுத்துக்கொண்டு, கீழிமையை இழுத்துப் பை மாதிரி ஆக்கி, ஒரே ஒரு சொட்டு. கண்ணுக்குள் ஒரு சொட்டுக்கு மேல் நிற்காது, ரெண்டாவது வழிந்துதான் போகும். கண்ணை மூடி, மூக்கோரம் இருக்கிற மூலையை ரெண்டு நிமிஷம் விரலால் அமுக்கணும். வீசிங் இருப்பவர்கள் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லணும், டிமோலால் அவர்களுக்கு ஆகாமல் போகலாம். இன்னொன்றும் அந்தத் தங்கச்சி சொன்னது. கண் சிவந்தால் சீட்டு இல்லாமல் கடையில் கேட்டு வாங்குகிறோமே, அதில் சிலதில் ஸ்டீராய்டு இருக்கும். மாசக்கணக்கில் விட்டால் அதுவே கண் அழுத்தத்தைக் கூட்டிவிடும்.

வெளியிலும் காலம் மாறியிருக்கிறது. மத்திய அரசின் மக்கள் மருந்தகங்கள் 2008-ல் தொடங்கின, மாநிலத்தில் 2014-ல் அம்மா மருந்தகம் வந்தது, 2025 பிப்ரவரியில் 1000 முதல்வர் மருந்தகங்கள் திறந்தார்கள். டாக்டரிடம் கம்பெனிப் பெயர் இல்லாமல் மருந்தின் மூலப் பெயரை எழுதித் தரச் சொன்னால் இந்தக் கடைகளில் விலை குறைவாக வாங்கலாம். 2022 செப்டம்பரில் வந்த 384 அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் லட்டானோபிராஸ்ட் சேர்ந்தது. பட்டியலில் உள்ள மருந்துக்கு அரசு உச்ச விலை வைக்கும். இதையெல்லாம் விட நம் கணக்கை மாற்றியது எது தெரியுமா? 2021 மே மாசம் வந்த இலவச பஸ். ரெண்டு பஸ் காசு இல்லை என்றானதும், அரசு ஆஸ்பத்திரிக்கே போய் மருந்து வாங்குகிறவர்கள் கூடினார்கள். அந்த வருஷத்துக்குப் பிறகு என் நோட்டில் கண் மருந்துச் செலவு நன்றாகக் குறைந்திருக்கிறது. கண் மருந்துக்கென்று யாரும் யோசித்துப் போட்ட திட்டம் இல்லை அது.

2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் வந்தபோது, வீடு வீடாகப் போகிற தன்னார்வலராக நம் குழுப் பெண்களையே எடுத்தார்கள். நம் ஊரில் அந்தப் பையில் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் இருக்கிறது, கண் சொட்டு மருந்து இல்லை. அதையும் சேர்க்கணும் என்று கிராமசபையில் ரெண்டு முறை மனு கொடுத்திருக்கிறோம். இன்னும் பதில் இல்லை. அதுவரை நம் தன்னார்வலப் பெண்கள் மாத்திரை கொடுக்கப் போகிற வீட்டில், "ஆத்தா, கண்ணு மருந்து இருக்கா, தீந்துருச்சா?" என்று ஒரு கேள்வியையும் கேட்டு நம்மிடம் சொல்கிறார்கள். வீடு தேடிப் போய்க் கேட்பது அவர்கள்தான் இப்போது.

பட்டியலில் இன்றைக்கு இருபதுக்குக் கொஞ்சம் குறைவாக ஆட்கள் இருக்கிறார்கள். அதில் ஆண்கள் நாலு பேர், உறுப்பினர்களின் வீட்டுக்காரர்கள். குழுவில் இல்லாத வீட்டு ஆட்களுக்கும் கொடுக்கலாமா என்று போன கூட்டத்தில் கேள்வி வந்து, முடிவாகாமல் நிற்கிறது. நான் கொடுக்கணும் என்ற பக்கம். பொருளாளர் வேண்டாம் என்ற பக்கம். அடுத்த கூட்டத்தில் மறுபடி எடுக்கிறோம், எல்லாரும் வாங்க.

பூக்கட்டும் அக்கா இப்போதும் பூக்கட்டுகிறார், விரலால் தடவித்தான். ராத்திரி எட்டு மணிக்குப் பேத்தி மருந்து விடுகிறாள். இந்தக் கட்டுரையை அவருக்கு வாசித்துக் காட்டினேன். தவறியவர் பட்டியலில் பெயர் எழுதின இடம் வந்தபோது, "அதை எடுத்துரு, உனக்குத்தான் கெட்ட பேரு" என்றார். நான் எடுக்கவில்லை.